பூட்டிய வீட்டுக்கு வரும் கரண்ட் பில்

பழைய மீற்றரின் கண்ணாடிக்குள் சுழலும் அலுமினியத் தட்டை உற்றுப் பார்த்தவர்களுக்கு அதன் விளிம்பில் ஓர் அடையாளக் கோடு இருப்பது தெரியும். சுற்றுகளை எண்ணுவதற்கு அது. அதே தட்டில், மையத்திலிருந்து ஒரே தூரத்தில், எதிரெதிராக இரண்டு சிறு துளைகளும் இருக்கும். அவற்றைக் கவனித்தவர்கள் குறைவு. தயாரிப்பில் விழுந்த பிழை அல்ல அவை. எடையைக் குறைக்க இட்டவையும் அல்ல. வீட்டில் ஒரு பல்ப்கூட எரியாத நேரத்தில் இந்தத் தட்டு தானாகச் சுற்றத் தொடங்கிவிடலாம் என்பது வடிவமைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படித் தொடங்கினால் அரைச் சுற்றுக்குள் அதைப் பிடித்து நிறுத்தத்தான் துளைகள்.

ஆக, “ஒன்றுமே போடவில்லை, மீற்றர் ஓடுகிறது” என்ற முறைப்பாடு ஏறக்குறைய மீற்றரின் வயதுடையது. இலங்கையில் அது அண்மைக் காலத்தில் உரத்துக் கேட்டதற்குக் காரணம் பணம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த உயர்வு. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், அதன்மேல் இன்னொரு 66 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு. பிறகு கட்டணம் குறைந்தும் கூடியும் வந்தது. ஆனால் அதுவரை சுவரில் ஒரு பெட்டியாக மட்டும் இருந்த மீற்றரை, அந்த ஆறு மாதத்துக்குப் பிறகுதான் பலர் முகம்கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு உள்ளூர்ச் சேர்மானங்கள் சில உண்டு. ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் வங்கக் கடல், நடுவே ஒடுங்கிய நிலத்தில் நகரம். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதில் உப்பு இருக்கும். வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்று நீளும் கரை முழுக்க மணல். உரிமையாளர்கள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இங்கே இருக்கின்றன. ஆள் இல்லாத வீட்டில் யூனிற் ஏறினால் சந்தேகம் நேரே மீற்றர்மேல்தான் போகும். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தவறு. ஆனால் முற்றிலும் தவறல்ல.

முதலில் பில்லைத் தள்ளிவைக்க வேண்டும். ஒரு யூனிற்கூடச் செலவழிக்காவிட்டாலும் மாதாந்த நிலையான கட்டணம் உண்டு; அதற்கு மீற்றர் பொறுப்பல்ல. பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, மீற்றரில் தெரியும் எண்ணை. பூட்டிய கேற்றுக்கு வெளியே நின்றவர் மதிப்பீட்டில் எழுதிய வாசிப்பா, கண்ணால் பார்த்து எழுதியதா? கடைசியில் வேறு நிறத்தில் இருக்கும் தசம இலக்கத்தையும் யாரும் யூனிற்றாகச் சேர்த்து வாசித்துவிட்டார்களா? அனெக்ஸ் வீடுகள் உள்ள காணியில் மூன்று மீற்றர்கள் ஒரே சுவரில் வரிசையாக இருந்தால், எது எந்த வீட்டுக்கு உரியது? கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பக்கத்து வீட்டு மீற்றரை மாதக்கணக்கில் தன்னுடையது என்று நம்பிச் சண்டை பிடிப்பது நடக்காத காரியம் அல்ல.

இதெல்லாம் சரி, எண் உண்மையிலேயே ஏறுகிறது என்றால் அடுத்த வேலை மெயின் சுவிச்சில். கேள்வியை இரண்டாக வெட்டும் கத்தி அதுதான். அதை அணைத்துவிட்டு மீற்றரைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடாது. கால் மணி நேரமாவது, முடிந்தால் அரை மணி நேரம். தட்டு நின்றுவிட்டால், அல்லது புதிய மீற்றரின் சிவப்பு விளக்குச் சிமிட்டுவதை விட்டுவிட்டால், மீற்றர் நிரபராதி. மின்சாரம் வீட்டுக்குள்தான் எங்கோ போகிறது. மெயின் அணைந்த பிறகும் ஓட்டம் தொடர்ந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மீற்றருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள், அல்லது அது வேறு வீட்டு மீற்றர், அல்லது மீற்றர் தானாகவே ஓடுகிறது.

எவ்வளவு ஓடுகிறது என்பதையும் அங்கேயே நின்று கணக்கிடலாம். மீற்றரின் முகப்பில் ஒரு மாறிலி அச்சிடப்பட்டிருக்கும். 1600 என்று இருந்தால், விளக்கு 1600 தடவை சிமிட்டினால் ஒரு யூனிற். ஒரு சிமிட்டலுக்கு 0.625 வாற்று-மணி. 90 செக்கனுக்கு ஒருமுறை சிமிட்டுகிறது என்றால் வீடு 25 வாற்று இழுக்கிறது. இரவு பகலாக 30 நாளில் 18 யூனிற். தட்டு மீற்றரில் 600 என்று இருந்தால் 600 சுற்றுக்கு ஒரு யூனிற். அதே 25 வாற்றுக்குத் தட்டு நான்கு நிமிடத்தில் ஒரு சுற்றுப் போகும். கைப்பேசியின் கடிகாரம் போதும். இந்தக் கணக்கைச் செய்யாமல் மின்சார சபைக்கு எழுதும் முறைப்பாடுகள் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஏனென்றால் காணாமல் போகும் மின்சாரத்தின் அளவுதான், அதைக் கொண்டுபோவது யார் என்பதை மற்ற எந்தத் தடயத்தையும்விடத் தெளிவாகக் காட்டும்.

முதலில் மீற்றரையே விசாரிக்கலாம்.

1888இல் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் நகரில், வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒலிவர் ஷாலன்பெர்கர் புதிய வில்விளக்கு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சின்னச் சுருள்வில் கழன்று விளக்கின் உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் போனவர், கிடந்த இடத்திலேயே அது மெல்லத் திரும்புவதைக் கண்டார். எதுவும் அதைத் தொடவில்லை. பக்கத்துச் சுருளில் ஓடிய மாறுமின்னோட்டத்தின் காந்தப்புலம்தான் அதைத் திருப்பியது. அதே தத்துவத்தில் விரைவிலேயே அவர் மீற்றர் ஒன்றை அமைத்தார். சுழலும் காந்தப்புலத்தை 1885இலேயே இத்தாலியின் ரூரின் நகரில் கலிலியோ பெராரிஸ் செய்துகாட்டியிருந்தார். 1889இல் புடாபெஸ்ற்றின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஒற்றோ பிளாதி, வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் சேர்த்து அளக்கும் மீற்றருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் பல வீட்டுச் சுவர்களில் இருக்கும் தட்டு மீற்றர் அதன் வழிவந்தது. சுற்றக்கூடாத ஒன்று சுற்றியதைப் பார்த்துப் பிறந்த கருவிக்கு அந்தக் குணம் முழுதாகப் போகவில்லை.

தட்டின் மேலும் கீழுமாக இரண்டு சுருள்கள். ஒன்றில் மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள்; அது வோல்ற்றளவுச் சுருள். மற்றதில் தடித்த கம்பி, சில சுற்றுகள். வீட்டுக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் அதனூடாகத்தான் போகும். இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றுக்கொன்று நேரம் சற்றுத் தவறி ஏறி இறங்குவதால் அலுமினியத்தில் சுழிமின்னோட்டங்கள் எழுந்து தட்டைச் சுழற்றுகின்றன. ஒரு நிலைக்காந்தம் எதிர்த்து இழுப்பதால், தட்டின் வேகம் வீடு இழுக்கும் வலுவுக்கு நேர்விகிதமாகிறது.

தடித்த சுருளுக்கு வேலை வருவது வீட்டில் ஏதாவது ஓடும்போதுதான். மெல்லிய சுருளோ, ஊரில் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் விழித்திருக்கும். எல்லாம் சமச்சீராக இருந்தால் அது தனியே தட்டைச் சுழற்ற முடியாது. ஆனால் சமச்சீரை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள். காரணம் உராய்வு. தட்டின் அச்சும் எண் காட்டும் சக்கரங்களும் உராய்வதால், ஒரு சின்ன பல்ப் மட்டும் எரியும்போது தட்டு அசையாமல் நின்றுவிடும். அந்த மின்சாரம் கணக்கில் வராது. இந்த நட்டத்தைத் தவிர்க்க, வோல்ற்றளவுச் சுருளின் முனையருகே ஒரு சிறு உலோக வளையத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, தட்டுக்கு ஓயாமல் ஒரு மெல்லிய உந்துதல் கொடுக்கிறார்கள். உராய்வை ஈடுகட்டும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை.

அந்த உந்துதல் கொஞ்சம் கூடிவிட்டால் தட்டு ஊரத் தொடங்கும். கூடுவதற்கு வழிகள் பல. வோல்ற்றளவு ஏறுவது ஒன்று. உந்துதல் வோல்ற்றளவின் வர்க்கத்தோடு வளர்கிறது. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, அதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதி உண்டு. 6 சதவீதம் ஏறினாலே உந்துதல் 12 சதவீதம் ஏறிவிடும். ஊர் உறங்கி, லைனில் சுமை குறைந்த நடுநிசிதான் வோல்ற்றளவு ஏறும் நேரம். அதாவது பூட்டிய வீட்டின் தட்டை யாரும் பார்க்காத நேரம். அதிர்வு இன்னொன்று. நெல் ஆலையின் சுவரிலோ பாரவண்டிகள் ஓயாத வீதியோரத்திலோ மாட்டிய மீற்றரில், அச்சைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வை அதிர்வு தளர்த்திவிடும். உராய்வு போனால் எஞ்சுவது உந்துதல் மட்டும். மீற்றருக்கு மிக அருகே பெரிய மின்னோட்டம் ஓடும் கேபிள் இருந்தால் அதன் காந்தப்புலமும் கை கொடுக்கும்.

இங்கேதான் துளைகளின் வேலை. துளை சுருளின் முனைக்கு நேரே வரும்போது சுழிமின்னோட்டத்தின் பாதை அறுபடும்; தட்டு அந்த இடத்தில் பிடிபட்டு நிற்கும். சில தயாரிப்பாளர்கள் துளைக்குப் பதிலாகச் சிறு இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி, சுற்றுக்கு ஒருமுறை காந்தம் அதைப் பற்றிக்கொள்ளுமாறு செய்தார்கள். ஆகவே மெயினை அணைத்தபின் தட்டு கால் சுற்றோ அரைச் சுற்றோ ஊர்ந்து நின்றால் அது பிழையே அல்ல. ஒரு முழுச் சுற்றை முடித்து அடுத்த சுற்றுக்கும் போனால்தான் பிழை.

அந்தப் பிழை எவ்வளவு தின்னும்? 600 மாறிலியுள்ள தட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று ஊர்கிறது என்று கொள்வோம். நாளுக்கு 144 சுற்று, மாதத்துக்கு 7.2 யூனிற். இதே மீற்றர் மாதம் 100 யூனிற் தானாகச் சேர்க்க வேண்டுமானால் தட்டு 43 செக்கனுக்கு ஒரு சுற்றுப் போக வேண்டும். அது ஊர்தல் அல்ல, ஓட்டம். பூட்டிய வீட்டில் 100 யூனிற் ஏறிவிட்டது என்பவர் தட்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

மெல்லிய சுருள் தன் பங்குக்கு ஒன்றிரண்டு வாற்று எரிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை மின்சாரம் உள்ளே வரும் பக்கத்தில் இணைப்பதால் அந்தச் செலவு தடித்த சுருளைத் தாண்டாது. வீட்டுக்காரர் கணக்கில் சேராது. 2 வாற்று என்று வைத்தால் ஒரு மீற்றருக்கு ஆண்டுக்கு 17.5 யூனிற், பத்து லட்சம் மீற்றர்களுக்கு இரவு பகலாக 2 மெகாவாற்று. மீற்றரால் நட்டப்படுகிறவர்கள் வரிசையில் முதலில் நிற்பது மின்சாரம் விற்பவர்தான்.

எலெக்ரோனிக் மீற்றரில் தட்டும் இல்லை, உராய்வும் இல்லை. பிரச்சினை மட்டும் வேறு உருவில் இருக்கிறது. உள்ளே இருக்கும் சிப் வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து பெருக்கிக் கூட்டுகிறது. உள்ளீட்டில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். அதையும் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சலே யூனிற்றாகிவிடும். ஆகவே மென்பொருளில் ஒரு எல்லை வைத்து, அதற்குக் கீழே வருவதைப் பூச்சியம் என்று கொள்கிறார்கள். சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் தரப்படி மீற்றரை 115 சதவீத வோல்ற்றளவில், அதாவது 264.5 வோல்ற்றில், எதையும் இணைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது மீற்றரின் மாறிலியையும் கொள்ளளவையும் பொறுத்தது. 1600 மாறிலியும் 60 அம்பியர் உச்சமும் உள்ள வீட்டு மீற்றருக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் வரும். அதற்குள் ஒரு சிமிட்டலுக்கு மேல் வந்தால் தேறாது. மெயின் சுவிச் சோதனைக்கு அரை மணி நேரம் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

அதே தரம் இன்னொன்றும் கேட்கிறது. 10 அம்பியர் அடிப்படையுள்ள முதல் வகுப்பு மீற்றர் 40 மில்லி அம்பியரிலேயே விழித்தெழ வேண்டும். வலுவில் சொன்னால் ஏறத்தாழ 9 வாற்று. இருபது ஆண்டு சுவரில் தொங்கி, அச்சில் தூசும் துருவும் சேர்ந்த தட்டு மீற்றர் அதைவிடப் பெரிய சுமைகளையும் கண்டும் காணாமலும் விட்டுக்கொண்டிருக்கும். “புது மீற்றர் போட்டார்கள், பில் ஏறிவிட்டது” என்ற புகார்களில் பல, புதியது கூட்டி வாசிப்பதால் அல்ல, பழையது குறைத்து வாசித்துவந்ததால் வருபவை. இதை யாரும் நம்புவதில்லை.

மீற்றரை விட்டு வீட்டுக்குள் வந்தால் முதலில் எதிர்ப்படுபவை, அணைத்தாகிவிட்டது என்று நாம் நினைக்கும் சாதனங்கள். கமெரா பதிவுப் பெட்டி, ரவுட்டர், ரிமோட்டில் அணைத்த தொலைக்காட்சி, கேற் மோட்டார், யூ.பி.எஸ். முன்னே கணக்கிட்ட 25 வாற்றும் 18 யூனிற்றும் இவற்றாலேயே எளிதில் நிரம்பிவிடும். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அலன் மையர் 1990களின் பிற்பகுதியில், அணைந்த நிலையில் எந்தச் சாதனமும் 1 வாற்றுக்கு மேல் இழுக்கக்கூடாது என்று வலியுறுத்தினார். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அந்த எல்லையைப் பல வீட்டுச் சாதனங்களுக்கு அரை வாற்றாக்கியது. இது பலரும் அறிந்த சங்கதி என்பதால் நீட்டத் தேவையில்லை.

நீட்ட வேண்டியது கசிவை.

மீற்றருக்குப் பல்ப் எது, பழுது எது என்று தெரியாது. லைவ் வயர் வழியே வெளியே போகும் மின்னோட்டத்தை அது அளக்கும். அந்த மின்னோட்டம் பல்ப்பினூடாகப் போய் நியூற்றலில் திரும்பினாலும் சரி, ஈரச் சுவரினூடாக நிலத்துக்கு இறங்கினாலும் சரி, எல்லாம் ஒரே யூனிற். திருகோணமலையில் ஈரமும் உப்பும் முறைவைத்து வருகின்றன. மே மாதம் தொடங்கி வீசும் கச்சான் வறண்ட காற்று. மாதக்கணக்கில் மழை குறைவு. கடலிலிருந்து வரும் உப்பும் வீதிப் புழுதியும் சுவிச் பெட்டிக்குள், வெளிச்சுவர் விளக்கின் தொப்பிக்குள், பம்பி மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் படிந்துகொண்டே போகும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் பிரச்சினையும் தெரியாது. ஒக்டோபரில் வாடையோடு முதல் பெருமழை இறங்கியதும் அதே உப்பு கரைந்து கடத்தியாகிவிடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி அங்கிருந்து ஜனவரி வரைதான். கச்சான் மாதங்களில் ஒழுங்காக இருந்த பூட்டிய வீடு நவம்பரில் யூனிற் காட்டத் தொடங்கினால், பார்க்க வேண்டிய இடங்கள் வெளிச்சுவரும் கிணற்றடியும்.

எவ்வளவு கசியலாம் என்பதற்கு ஒரு கடிவாளம் உண்டு. ட்றிப் சுவிச் என்று எல்லோரும் அழைக்கும் கருவி, லைவில் போன மின்னோட்டத்துக்கும் நியூற்றலில் திரும்பியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குரியது 30 மில்லி அம்பியர் வகை; வித்தியாசம் அந்த அளவை எட்டுமுன்போ எட்டும்போதோ விழுந்துவிடும். 30 மில்லி அம்பியரை 230 வோல்ற்றால் பெருக்கினால் 6.9 வாற்று, மாதத்துக்கு 5 யூனிற். ஆக ட்றிப் சுவிச் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் நிலத்துக்குக் கசியும் மின்சாரம் மாதம் 5 யூனிற்றைத் தாண்ட வழியில்லை. தாண்டினால் காரணம் கசிவு அல்ல, அல்லது ட்றிப் சுவிச் வேலை செய்யவில்லை. இரண்டில் எது என்று அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும். அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று அதை விலக்கி நேரே வயர் கொடுத்த வீடுகளில் கடிவாளமே இல்லை.

கடிவாளம் இல்லாத இடத்தில் மணல் தன் வேலையைக் காட்டும். இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தில் அடித்த சொந்த ஏர்த் கம்பி உண்டு. களிமண்ணில் அது நன்றாகப் பிடிக்கும்; உலர்ந்த கடல் மணலில் அதன் தடை 100 ஓமைத் தாண்டுவது எளிது. கிணற்றுப் பம்பியின் உள்ளே லைவ் வயர் உறை உரிந்து இரும்பு உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓடும் மின்னோட்டம் 230ஐ 100ஆல் வகுத்தால் 2.3 அம்பியர். 15 அம்பியர் பியூஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, உருகாது. பிரேக்கரும் விழாது. 529 வாற்று இரவு பகலாக மணலைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். நாளுக்கு 12.7 யூனிற், மாதத்துக்கு 381. வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. பம்பியின் உடலோ கிட்டத்தட்ட முழு 230 வோல்ற்றில் நிற்கிறது. ஈரக் காலோடு போய்த் தொடுகிறவருக்கு அதுவே முடிவு. இந்த இடத்தில் ஏறிய பில் வெறும் பண விவகாரம் அல்ல, ஆள் விழுமுன் வரும் ஒரே எச்சரிக்கை.

ஆனால் பம்பியின் சுவிச் அணைந்துதானே இருக்கிறது? சுவிச் லைவ் வயரில் இருந்தால் சரி. கவனமில்லாத வயரிங்கில் அது நியூற்றலில் போய் அமர்ந்துவிடுவதுண்டு. அப்போது அணைத்தாலும் பம்பி வேலை செய்யாது என்பது மட்டும்தான்; லைவ் பம்பி வரை வந்து காத்து நிற்கும். உறை உரிந்த இடத்தில் அதற்கு நிலம் கிடைத்தால் போதும். “எல்லா சுவிச்சும் அணைத்தேன், மீற்றர் ஓடுகிறது, மெயினை அணைத்தால் நின்றுவிடுகிறது” என்ற வகை முறைப்பாட்டில் எலெக்ரீசியன் முதலில் தேட வேண்டிய பழுதுகளில் இது ஒன்று. அணைத்த பிறகும் இரவில் மங்கலாக மினுக்கும் எல்.ஈ.டி. பல்ப் இதற்கு ஒரு குறிப்பாக இருக்கலாம். சிறு விளக்கு உள்ள சுவிச்சுகளும் அப்படி மினுக்க வைக்கும் என்பதால் உறுதியான சாட்சி அல்ல.

மெயின் அணைந்த பிறகும் மீற்றர் ஓடுவதற்கு நான்காவதாக ஒரு வழியும் உண்டு. தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இது பழக்கமானது. இந்தியாவில் வீடுகளுக்குப் பொருத்தும் எலெக்ரோனிக் மீற்றர் பலவற்றில் மின்னோட்டத்தை உணரும் கருவி லைவில் ஒன்றும் நியூற்றலில் ஒன்றுமாக இரண்டு இருக்கும். நியூற்றலை விட்டுவிட்டு நிலத்தில் திருப்பி மின்சாரம் திருடுபவர்களைப் பிடிக்க வந்த ஏற்பாடு அது: இரண்டில் எது பெரிதோ அதைக் கணக்கில் எடுக்கும். இரண்டு வீட்டு நியூற்றல்கள் எங்கோ ஒரு சந்திப் பெட்டியில் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், பக்கத்து வீட்டு மின்னோட்டத்தின் ஒரு பங்கு இந்த வீட்டு நியூற்றல் வழியாகத் திரும்பும். இங்கே லைவில் பூச்சியம், நியூற்றலில் 2 அம்பியர். திருடனைப் பிடிக்கச் செய்த மீற்றர் அப்பாவியின் கணக்கில் எழுதிவிடும். மெயின் சுவிச் நியூற்றலையும் சேர்த்து வெட்டும் வகையானால் ஓட்டம் நின்றுவிடும்; லைவை மட்டும் வெட்டுவதானால் நிற்காது. வீட்டைப் பிரித்து அனெக்ஸ் வாடகைக்கு விட்டு, வயரிங்கை மட்டும் சரியாகப் பிரிக்காத எந்த ஊரிலும், இத்தகைய மீற்றர் இருந்தால் இது நடக்கும்.

மீற்றர் உண்மையிலேயே பெரிய அளவில் பொய் சொன்னதை ஆய்வுகூடத்தில் காட்டிய நிகழ்வும் உண்டு. 2017இல் நெதர்லாந்தின் ருவென்ற் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிராங்க் லெபரிங்கின் குழு ஒன்பது எலெக்ரோனிக் மீற்றர்களைச் சோதித்தது. சாதாரண சுமைகளில் எல்லாம் சரியாக வாசித்தன. டிமரோடு இணைத்த சேமிப்பு பல்ப்களையும் எல்.ஈ.டி. பல்ப்களையும் போட்டதும் ஐந்து மீற்றர்கள் கூட்டி வாசித்தன. ஒன்று 582 சதவீதம் வரை. இரண்டு மீற்றர்கள் 30 சதவீதம் குறைத்து வாசித்தன. டிமர் மின்னோட்ட அலையை நறுக்கிக் கூரான துடிப்புகளாக்கிவிடுகிறது. மின்னோட்டம் மாறும் வேகத்தை உணரும் வகைச் சுருள் கொண்ட மீற்றர்கள் அந்தத் துடிப்புகளில் தடுமாறின. சோதனையில் பயன்படுத்திய சுமைகள் நடைமுறையில் இல்லாதவை என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கலாம், ஆனால் பின்னர் அதே குழு, வேகக் கட்டுப்பாடு உள்ள ஒரு சாதாரண சிறிய நீர்ப்பம்பியிலும் இத்தகைய பிழையைக் கண்டது. ஒன்றுமே இணைக்காத வீட்டுக்கு இது பொருந்தாது. ஒரே ஒரு மலிவான டிமர் விளக்கு மட்டும் எரியும் வீட்டுக்குப் பொருந்தலாம்.

கூரையில் சூரியப் படல் போட்டவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கியபின் இலங்கையில் இத்தகைய கூரைகள் பெருகின. உபரி மின்சாரம் வெளியே போகும்போது பழைய தட்டு பின்னோக்கிச் சுற்றும். திருட்டைத் தடுக்கும் நோக்கில் செய்த சில எலெக்ரோனிக் மீற்றர்களோ எந்தத் திசையில் ஓடினாலும் கூட்டியே எழுதும். வீடு கொடுத்ததை வீடு எடுத்ததாகக் காட்டும். மின்சார சபை இருவழி மீற்றரை மாற்றிப் பொருத்துமுன் இன்வேர்ட்டரைப் போட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். அந்தச் சில நாள் வெயில் பில்லாக வந்து சேரும்.

சந்தேகம் இத்தனைக்குப் பிறகும் மீற்றர்மேல்தான் என்றால் சீலை உடைத்துத் திறந்து பார்ப்பது குற்றம், ஆபத்தும்கூட. செய்யக்கூடியது பிரதேச மின்சார அலுவலகத்தில் சோதனை கேட்பது. வழக்கமான முறை, சந்தேகத்துக்குரிய மீற்றரோடு சரிபார்த்த இன்னொன்றைத் தொடராக இணைத்துச் சில நாள் விட்டு இரண்டின் வாசிப்பையும் ஒப்பிடுவது. இரண்டாம் வகுப்பு மீற்றருக்கு 2 சதவீதப் பிழை அனுமதிக்கப்பட்டது. 100 யூனிற்றில் 2 யூனிற் இப்படியும் அப்படியும் போகலாம். இந்த ஒப்பீட்டில் ஒரு ஓட்டை உண்டு. வீட்டில் விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தால் ஊரும் தட்டின் சிறு பிழை பெரிய எண்ணுக்குள் மறைந்துவிடும். ஊர்தலைப் பார்க்க வேண்டுமானால் வீட்டை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதைச் சோதனைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மாதம் ஏழு யூனிற்றுக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். 250 யூனிற் எரிக்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை அல்ல. ஆனால் இலங்கையின் வீட்டுக் கட்டணத்தில் 60 யூனிற் ஒரு வேலி. அதற்குள் இருக்கும் வரை முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு ஒரு விலை. 61ஆவது யூனிற் விழுந்ததும் அந்த ஒரு யூனிற்றுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. முதல் 60 யூனிற்றின் விலையே வேறு அட்டவணைக்கு மாறுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. இரண்டு பல்ப், ஒரு விசிறி, ஒரு தொலைக்காட்சி என்று 56 யூனிற்றில் நிற்கும், திருகோணமலைக்கு அருகே கிண்ணியாவில் உள்ள வீடொன்றில் தட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று ஊர்ந்தால், அந்த வீடு 63இல் போய் நிற்கும்.